ஏத்தறது கெடக்கட்டும், மொதல்ல கயட்டு!

இன்னா தம்பி, பிக்கப்ப ஒசத்தப் போறியாமே? நல்லாயிரு. செகண்டுல வாங்குன வி-கிராஸு, ரெண்டு இஞ்சு ஏத்தற கிட்டு, கறுப்பு டப்பாவுல செவப்பு எய்த்து. டப்பாவப் பிரிக்கறதையே படம் புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்பிச்சியாமே? டீக்கடையில நாலு பேரு என்னாண்ட காட்டிட்டான். நம்ம தெருவுல கொயந்த பொறந்தாக்கூட இப்பல்லாம் இவ்ளோ சீக்கிரம் சேதி வர்றதில்ல.

டப்பாவுக்குள்ள ஒரு சீட்டு இருந்திச்சே, படிச்சியா? படிச்சிருக்க மாட்ட. மொத வரியே இன்னா சொல்லியிருப்பான்? பழைய போல்ட்டக் கயட்டுன்னு சொல்லியிருப்பான். அவ்ளோதான், ஒரே வரி. எய்துனவன் எங்கியோ ஏசி ரூம்புல குந்திகினு, ஷோரூம்லேர்ந்து அப்பத்தான் எறங்குன வண்டிய நெனைச்சுகினு எய்தியிருக்கான். திருவொத்தியூர்ல வருசக்கணக்கா கடக்காத்து குடிச்ச வண்டிய ஒரு தரம் கீய பூந்து பார்த்திருந்தான்னா, அந்த ஒரு வரிய ஒரு பொஸ்தகமா எய்தியிருப்பான். கடைசிப் பக்கத்துல ஒப்பாரியும் சேத்திருப்பான்.

நல்லா கேட்டுக்கோ. கிட்டு மாட்டறது ஒரு வேலயே இல்ல. புது சாமான், புது மரை, வெரலால சுத்துனாலே பாதி தூரம் ஏறிடும். கீய ஏற்கெனவே மாட்டிகினு கீறதே, அத்தக் கயட்டறதுதான் வேல. மாட்டறவன் ஊருக்கு ஆயிரம் பேரு கீறான். கயட்டத் தெரிஞ்சவன்தான் மெக்கானிக்கு. உன்ன மாதிரி பசங்க கிட்டுக்குத் துட்ட எண்ணி வைக்கறீங்க. கயட்டறதுக்கு ஒரு ராத்திரி பொறுமைய எண்ணி வைக்கச் சொன்னா மூஞ்சி சுருங்குது.

போல்ட்டு ஏன் கயல மாட்டேங்குதுன்னு யோசிச்சியா? அதுக்கு உன் மேல கோவமா இன்னா? அது எந்த ஊர்ல குந்திகினு கீதுன்னு பாரு. காசிமேட்டுலேர்ந்து எர்ணாவூர் வரைக்கும் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவுல கருங்கல்லு மட்டுந்தான். ஐப்பசி கார்த்திகையில அல ஒடஞ்சா சாரல் வண்டிக் கண்ணாடிலயே வந்து அடிக்கும். தண்ணி காஞ்சிடும், உப்பு தங்கிடும். அந்த உப்பு ராவெல்லாம் காத்துலேர்ந்து ஈரத்த இயுத்து வச்சுக்கும். இரும்பு காயவே காயாது. இன்னும் வடக்க போனா நிலக்கரி. எண்ணூர் அனல் மின் நிலையத்த 2017ல மூடிட்டாங்க, ஒத்துக்கறன். அத்திப்பட்டுலயும் வல்லூர்லயும் எரியறது இன்னா, ஊதுவத்தியா? பொகையில கந்தகம் கீது. அது பனியில கலந்தா ஆசிட்டு. இப்படி உப்பும் ஆசிட்டும் பந்தி போட்டு இரும்பத் தின்றப்போ, நீ ஞாயித்துக்கெயம ஷாம்பூ போட்டு மேல் பாடியக் குளிப்பாட்டிகினு இருந்திருக்க. கீய எட்டிப் பாத்தியா?

வித்தவன் இன்னா சொன்னான்? ஃபேமிலி யூஸ்னு சொன்னானா? பின்னாடி தொட்டிக்கு அடியில மூக்க வச்சுப் பாரு. எந்த ஃபேமிலின்னு தெரிஞ்சிடும். அது வஞ்சிரம் ஃபேமிலி, சங்கரா ஃபேமிலி. காசிமேட்டுல மீனு ஏத்துன வண்டின்னா ஐஸு உருகி, உப்புத் தண்ணியும் மீன் தண்ணியும் ஓரமா வழிஞ்சு, நேரா பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டையோட ஷாக்கிள் மேலதான் சொட்டும். அந்த எடத்துல ஸ்க்ரூ டிரைவரால சொரண்டிப் பாரு. தகடு தகடா உரியும். உரிஞ்சதுக்கு அடியில நட்டு எங்க முடியுது, பிராக்கெட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு கண்டுபுடிச்சியானா நீ பெரிய ஆளு.

இரும்பு துருப்புடிச்சா தேஞ்சு போயிடும்னுதான நெனைச்சிகினு கீற? தேயறதுக்கு முன்னாடி ஊதும் தம்பி. தின்ன இரும்பு அடைச்சிகினு இருந்த எடத்தப்போல ரெண்டு மடங்குலேர்ந்து ஆறு மடங்கு வரைக்கும் துரு எடத்தப் புடிக்கும். நட்டு மரைக்கும் போல்ட்டு மரைக்கும் நடுவுல கீறது மயிரிழை சந்து. அதுக்குள்ள பூந்து ஊதுனா இன்னா ஆவும்? தீவாளிக்கு மொத நாளு எம்.சி. ரோட்டுல மாட்டுன மாதிரிதான். முன்னாலயும் போவ முடியாது, பின்னாலயும் வர முடியாது. அந்த எடத்துல நீ வந்து நரம்பு பொடைக்க ஒரே இயுப்பு இயுத்தா கூட்டம் கலையுமா?

உடனே நீ இன்னா பண்ணுவ? நீல டப்பா ஸ்பிரே எடுப்ப. புஸ்ஸுன்னு ஒரு தரம் அடிப்ப, பத்து எண்ணுவ, ஸ்பேனர மாட்டுவ. அந்த டபிள்யூடி-40 கதை தெரியுமா உனுக்கு? 1953ல அமெரிக்காவுல சான் டியாகோன்ற ஊர்ல ஒரு சின்ன கம்பெனிக்காரன், ராக்கெட்டு தகடு துருப்புடிக்காம இருக்கறதுக்காக அத்தக் கலந்தான். முப்பத்தொம்பது தரம் ஊத்திக்கிச்சு, 40வது தரம்தான் சரியா வந்திச்சு. அந்த 40தான் டப்பா மேல கீது. அவன் நாப்பது தரம் பொறுத்தான். உன்னால நாலு நிமிசம் பொறுக்க முடியல. அதுவுமில்லாம, தண்ணி அண்டாம பாத்துக்கறதுக்குன்னு செஞ்ச சமாசாரம் அது. லேசா புடிச்சிகினு கீற நட்டுக்கு உதவும். பாற மாதிரி எறுகுனதுக்கு உள்ள போயி எளக்கற ஆயிலு தனியா விக்கறான், அத்த வாங்கு. பட்டறைக்காரங்க பவர் ஸ்டீரிங் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து வச்சிருப்பாங்க. அதுவும் நல்லாவே எறங்கும். பீடிய மட்டும் தூரப் போட்டுட்டு ஊத்து, அசிட்டோன் பெட்ரோலுக்கு அண்ணன்.

எந்த ஆயிலா இருந்தா இன்னா, மொதல்ல வயர் பிரஷ் போடணும். போல்ட்டுல நட்டுக்கு வெளிய நீட்டிகினு கீற மரைய வெள்ளையா தெரியற வரைக்கும் தேய். அது துருவும் சேறுமா கெடந்தா, நீ நட்டக் கயட்டறப்ப அந்தக் குப்ப மேலயேதான் ஏறணும், நடுவுல மறுபடி மாட்டிக்கும். தேச்சாச்சா? இப்ப ஆயிலு ஊத்து. சுத்தியால நட்டு மேல டொக்கு டொக்குன்னு தட்டு. சத்தமா வாணாம், அதிர்ந்தா போதும். அதிர்வுலதான் எண்ண சந்துக்குள்ள எறங்கும். சாயங்காலம் ஒரு தரம், படுக்கறதுக்கு முன்ன ஒரு தரம், காத்தால எய்ந்து ஒரு தரம். வெள்ளிக்கெயம ஊத்தி ஞாயித்துக்கெயம கை வச்சியானா பாதி போல்ட்டு மரியாதையா வரும். இதுக்கு காசு எவ்ளோ? ஒண்ணும் ஆவாது. அதனாலதான் எவனும் இத்தப் படம் புடிச்சுப் போடறதில்ல.

எண்ணெயின்னதும் நெனப்பு வருது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ண படர்ந்திச்சே, ஞாபகம் கீதா? வலை, படகு, அலையாத்தி வேரு எல்லாம் கறுப்பு. போல்ட்டு மேல சொட்டு சொட்டா ஊத்த வேண்டியத ஆத்துல கொட்டுனா மீன்காரன் பொயப்புதான் கயண்டு போவும். சரி, அது பெரிய எடத்து விவகாரம். நம்ம நட்டுக்கு வருவோம்.

அடுத்தது ஸ்பேனரு. உன்னாண்ட இன்னா கீது? ஸ்க்ரூ ஸ்பேனரா? அத்த மொதல்ல வீட்டுக் கொயாய்க்கு வச்சுக்கோ. ரிங்கு ஸ்பேனர் கூட பன்னெண்டு மூலக்காரன், நட்டோட முனைய மட்டுந்தான் புடிப்பான். துரு தின்னு இளைச்ச நட்டுல அத்தப் போட்டு இயுத்தா மூலையெல்லாம் மயுங்கி நட்டு உருண்டையாயிடும். அப்பால உருண்டைய எதால புடிப்ப, பல்லாலயா? ஆறு மூல சாக்கெட்டா வாங்கு. அது நட்டோட பக்கத்த முழுசா அணைச்சுப் புடிக்கும். பொருந்தலன்னா சுத்தியால தட்டி ஏத்து. தொளதொளன்னு இருந்தா அந்தப் பக்கமே போவாத. ஒரு அடி கைப்புடிக்கு மூணு அடி பைப்பு சொருவுனா உன் பலம் மூணு மடங்கு. பயில்வானாவ ஜிம்முக்குப் போவாத, பழைய இரும்புக் கடைக்குப் போ.

பைப்பு கெடச்சிடுச்சேன்னு ஆடாத. ஒரேயடியா ஒரே பக்கம் இயுக்காத. மொதல்ல முடுக்கு. ஆமாம் தம்பி, முடுக்கு. இன்னும் இறுக்கற மாதிரி இத்தினியூண்டு. துருவோட புடி முறியும், ஒரு சின்ன கிரீச்சு கேக்கும். அப்பால கயட்டு, கால் சுத்து. மறுபடி உள்ள விடு, மறுபடி வெளிய இயு. துருத்தூளு வெளிய கொட்டறத கண்ணால பாப்ப. ஆயிலு விடு, மறுபடி. முன்னாடி போறதுக்குப் பின்னாடி வரணும்னு உனுக்கு எவனும் சொல்லலியா? இன்னொரு சேதி. பழைய லாரி பலதுல எடது பக்கத்து வீல் நட்டு எடது மரையா இருக்கும், மத்ததுக்கு நேர் எதிரா சுத்தணும். அது தெரியாம பைப்பு போட்டுத் தொங்கி, கயட்டறோம்னு நெனைச்சு முடுக்கிகினே இருந்தவங்கள இந்த ரோட்டுல நெறைய பாத்திருக்கன். எந்தப் பக்கம் சுத்தணும்னு பார்க்கறதுக்கு எந்த டூலும் வாணாம், கண்ணு போதும்.

இம்பாக்டு கன்னு வாங்கியிருக்கியா? பேட்டரி வச்சது? நல்ல சாமான்தான், நான் கொற சொல்ல மாட்டன். டரடரன்னு அடிச்சு அடிச்சு சுத்துது, அந்த அடி துருவுக்கு ஆவாது. ஆனா ஊறாத போல்ட்டுல அத்த வச்சு விசைய அமுக்கிகினே இருந்தா போல்ட்டு கழுத்து முறியும். மெஷினுக்கு பேட்டரி கீது, மரை வலிக்குதான்னு தெரிஞ்சுக்க கை கீதா? கையால பைப்பு போட்டு இயுக்கறப்ப போல்ட்டு வழுக்குனாப்பல, ரப்பரா இயுத்தாப்பல தோணுனா அது முறியப் போவுதுன்னு அர்த்தம். அங்கியே நிறுத்து. அத்த உன் தோளு சொல்லும், கன்னு சொல்லாது.

அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு பயமொயி கீதுல்ல? போல்ட்டுக்கும் அது பொருந்தும், எங்க அடிக்கறன்றதுதான் விசயம். போல்ட்டு முனையில சம்மட்டியால போட்டியானா மரை காளான் பூத்துடும், நட்டு சென்மத்துக்கும் வெளிய வராது. முனைக்கு சமமா நட்ட நிறுத்தி வச்சுட்டு அடி. ஸ்டீரிங் டை ராடு, பால் ஜாயிண்டு, இதுங்கள்லாம் கூம்பு மாதிரி உள்ள எறங்கி புடிச்சிகினு இருக்கும். மொதல்ல ஸ்பிலிட் பின்ன எடு, நட்டக் கொஞ்சம் எறக்கு, முழுசா கயட்டாத. அப்பால அத்தப் புடிச்சிகினு கீற கண்ணுக்குப் பக்கவாட்டுல ஒரு சம்மட்டிய அண்டக் குடுத்துட்டு, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியால ஒரே சாத்து. டப்புன்னு தானா எறங்கும். கீயேர்ந்து மேல ஆத்திரமா அடிச்சிகினு கெடக்கறவன் நாள் பூரா அடிக்கலாம்.

எதுக்கும் மசியலன்னா நெருப்பு. இங்கதான் உனுக்கு ஆச வரும், எனுக்கு பயம் வரும். சூடு பண்ணா இன்னா ஆவும்? இரும்பு விரியும். பதினாறு மில்லிமீட்டர் போல்ட்டோட நட்ட மட்டும் 500 டிகிரி ஏத்துனா, ஓட்ட ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதான் பெரிசாவும். அவ்ளோதான். ஆனா துரு அடைச்ச மயிரிழைக்கு அந்தப் பத்துல ஒரு பங்கு போதும், புடி விட்டுடும். அதனால நட்டச் சூடு பண்ணு, போல்ட்ட விட்டுடு. ரெண்டையும் சேத்து வாட்டுனா ரெண்டும் சேந்து விரியும், நீ கேஸுக்குக் குடுத்த துட்டுதான் சுருங்கும். மங்கலா செவப்பு தெரிஞ்சதும் நிறுத்து. கொஞ்சம் ஆறட்டும், ஒரு மெழுகுவத்திய மரை ஓரத்துல தொடு. உருகி உள்ள ஓடும். அப்ப ஸ்பேனரப் போடு. செவந்த போல்ட்டும் நட்டும் அப்பால குப்பைக்கு. முறுக்கேத்தி செஞ்ச இரும்பு நெருப்பு பாத்தா பலம் போயிடும். அத்தத் தொடச்சு மறுபடி மாட்டுனா, நீ மிச்சம் புடிக்கறது அம்பது ரூவா, பணயம் வைக்கறது உன் பொண்டாட்டி புள்ள.

எங்க நெருப்பு வைக்கக் கூடாதுன்னு நான் சொல்லணுமா? சொல்லித்தான் ஆவணும், உன்னப் பாத்தா தெரியுது. டீசல் டாங்கியாண்ட வாணாம். பிரேக்கு பைப்பாண்ட வாணாம். ரப்பர் புஷ்ஷாண்ட வாணாம், எரிஞ்சு நாறும். ஷாக்கப்சர் மேல கண்டிப்பா வாணாம். அதுக்குள்ள எண்ணெயும் கேஸும் அடைச்சு வச்சிருக்கான், சூடானா வெடிக்கும். கிரைண்டர் போட்டாலும் பொறி பறக்கற பக்கம் ஈரச் சாக்கத் தொங்கவிடு, ஒரு வாளி மண்ணு பக்கத்துல வை. ஆயிலு ஊத்துன எடத்துலயே நெருப்பு வைக்கற வீரனுங்களும் இருக்கானுங்க. தொடச்சிட்டு வை.

இப்ப ஒரு கேள்வி. பின்பக்கத்துல ஆக்சிலையும் ஸ்பிரிங் பட்டையையும் கட்டிப் புடிச்சிகினு கீதே யூ போல்ட்டு, அத்தக் கயட்ட எவ்ளோ பாடுபடுவ? ஆயிலு, பைப்பு, நெருப்பு, மெழுகுவத்தி, எல்லாம் பண்ணுவதான? எதுக்கு? உன் கிட்டுக்குள்ளயே நீளமான புது யூ போல்ட்டு கீது. பழசு ஒசரத்துக்குப் பத்தாது. பத்துனாலும், ஒரு தரம் முடுக்கி நீண்ட யூ போல்ட்ட மறுபடி போடக் கூடாது. தூக்கிப் போடப் போற சாமானக் காயமில்லாம காப்பாத்த நாள் பூரா மல்லு கட்டறவன இன்னா சொல்றது? மரை கயண்டவன்னு சொல்லலாம், ஆனா பாவம், அவனுக்கு அந்த மரையும் கயல மாட்டேங்குது. ஆக்சிலுக்கு ஜாக்கி குடு, கிரைண்டரால அறு, பொத்துனு கீய வியும். முடிஞ்சுது வேல. எத்தக் காப்பாத்தணும், எத்த அறுக்கணும்னு தெரியறதுதான் கயட்டற கலை.

அறுக்க வேண்டியது இன்னொண்ணும் கீது. ஸ்பிரிங் பட்டையோட கண்ணுல பூந்து கீற போல்ட்டு. நட்டு சமத்தா கயண்டு வரும், நீ சிரிப்ப. அப்பால போல்ட்டு தலையச் சுத்துவ, சுத்தும். விட்டா திரும்ப வந்த எடத்துக்கே வரும். மறுபடி சுத்துவ, மறுபடி வரும். பக்கத்துல கண்ண வச்சுப் பாரு. ரப்பரு முறுக்கி முறுக்கி விட்டுகினு இருக்கும். புஷ்ஷுக்குள்ள கீற இரும்புக் கொழாயும் போல்ட்டும் துருவுல ஒண்ணாயிடுச்சு. முன்பக்கத்துல வீல் சாய்மானத்த சரி பண்ற போல்ட்டும் பல பிக்கப்புல இதே வேலயத்தான் காட்டும். கொஞ்ச நேரம் ஆயிலுக்கும் சுத்திக்கும் வேலை குடு. மசியலன்னா ரெண்டு பக்கமும் பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல பிளேட விட்டு அறுத்து எடுத்துட்டு, புது போல்ட்டு புது புஷ்ஷு போடு. ஆனா கை வைக்கறதுக்கு முன்னயே புது சாமான் வாங்கி வச்சுக்கோ. ஞாயித்துக்கெயம சாயங்காலம் அறுத்துட்டு, மூடுன கடை முன்னாடி நின்னு யாரத் திட்டுவ?

முறிஞ்சே போச்சா? உள்ள பாதி நிக்குதா? ஈஸி அவுட்டுன்னு ஒண்ணு விக்கறான். ஓட்டயப் போட்டு அத்தத் திருகுவ, அதுவும் உள்ள முறியும். அது டிரில்லுக்கு மசியாத கெட்டி இரும்பு. நட்டுக்குள்ள போல்ட்டு, போல்ட்டுக்குள்ள ஈஸி அவுட்டு. அப்பால ஊருக்கு ஒரு படம் போடு, நாங்கல்லாம் வந்து அனுதாபம் சொல்றோம். புத்தியிருந்தா வெல்டர கூப்புடு. முறிஞ்ச துண்டு மேல ஒரு நட்ட வச்சு வெல்டிங் வச்சாருன்னா சூடும் எறங்கும், புடிக்க தலையும் கெடைக்கும். ஆறுனதும் ஸ்பேனர் போட்டா வந்துடும். 1949ல எண்ணூர்ல அசோக் லேலண்டுக்காரன் வண்டி செய்ய ஆரம்பிச்சான். 1955ல என்ஃபீல்டு இந்தியா வந்து திருவொத்தியூர்ல புல்லட்டு பூட்டுனாங்க. நட்டும் போல்ட்டும் பாத்தே ரிட்டயர் ஆன ஆளுங்க தெருவுக்கு நாலு பேரு கீறாங்க இங்க. உன்னிய மாதிரி ஒருத்தன் அவங்கள வுட்டுட்டு ஆஸ்திரேலியாக்காரன் வீடியோவப் பாத்துகினு கீறான்.

உசுரு விசயம் ஒண்ணு, இதுல கிண்டல் கெடயாது. ஜாக்கிய நம்பி கீய பூராத. ஸ்டாண்டு குடு, சேசிஸுக்கு. மத்த வீலுக்குக் கல்லு வை. முடுக்குன போல்ட்டு திடீர்னு விடறப்ப வண்டி ஆடும். ஜாக்கி சாயும். முன்பக்கத்துக் காயில் ஸ்பிரிங்க அமுக்கிக் கட்டறது தெரிஞ்சவன் வேல. அது தெறிச்சா மூஞ்சி இருக்காது. அதுக்குக் கூலி குடுக்க வலிக்குதுன்னா கிட்ட வித்துடு.

எல்லாஞ் சரி, எதுக்கு ஒசத்தற? கேட்டா கோச்சுக்காத. எண்ணூர் ஹைரோட்டுப் பள்ளத்துக்கா? ரெண்டு இஞ்சு இன்னா பண்ணும், அந்தப் பள்ளத்துல கன்டெய்னர் டிரைலரே மூக்க குத்துது. டிரைலர் டிரைவருக்கு நீ ஒசந்தாலும் ஒண்ணுதான், எறங்குனாலும் ஒண்ணுதான், அவரு கண்ணாடில நீ தெரியறதே இல்ல. வண்டி ஒசந்தா பாரமும் ஒசரும், வளைவுல சாயும். நாளைக்கு வாடகைக்கு மீனு ஏத்துனியானா, கூடைய தலையிலேர்ந்து தொட்டிக்கு ஏத்தற அக்காவுக்கு ரெண்டு இஞ்சு ஏறும் தோள் வலி. அவங்க குடுக்கற வாழ்த்து உன் கிட்டு டப்பாவுல எய்தியிருக்காது.

சட்டத்தையும் கேட்டுக்கோ. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52வது பிரிவு கீது. கம்பெனிக்காரன் செஞ்சு ஆர்.சி.ல எய்துனதுக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுன்றான். 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அத்தயே அய்த்திச் சொல்லிடுச்சு. அதே வருசம் சட்டத்தத் திருத்தி, ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூவா அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்ல ரெண்டும்னு போட்டாங்க. கிட்டு வித்தவன் இத்த சொன்னானா? துட்டு வாங்கறப்ப வாய் பேசாது. ஆர்டிஓ ஆபீசுல ஒரு வார்த்த கேட்டுட்டு வா, இன்சூரன்ஸ்காரனையும் கேளு. கேட்டுட்டு வந்து ஒசத்தாம வுட்டியானாலும் நான் சிரிக்க மாட்டன். எப்படியும் அந்த போல்ட்டுங்கள ஒரு நாளு கயட்டித்தான் ஆவணும், புஷ்ஷு தேயும், ஷாக்கப்சர் ஒயுவும். அதனால மேல சொன்னது எதுவும் வீணாவல.

துருவோட சண்ட போடற ஊரு இது, இன்னிக்கு நேத்து இல்ல. கட்டுமரத்தப் பாத்திருக்கியா? ஆணி கெடயாது, போல்ட்டு கெடயாது, கயித்தாலதான் கட்டுவான். கரைக்கு வந்தா கயித்த அவுத்து மரத்தத் தனித்தனியா காய வைப்பான். உப்புத் தண்ணிக்கு எதிரா இரும்ப அவன் நம்பவே இல்ல. நம்புனவங்க இன்னா பண்ணாங்க? 1856 ஜூலை 1ஆம் தேதி நம்ம ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோட்டுக்கு தென்னிந்தியாவோட மொத பாசஞ்சர் ரயிலு கெளம்புச்சு. தண்டவாளம் பூரா இரும்பு, ஜாயிண்டுக்கு ஜாயிண்டு போல்ட்டு. ரயில்வேல ஒரு வயக்கம் கீது. வருசத்துக்கு ஒரு தரம், அக்டோபர்லேர்ந்து பிப்ரவரிக்குள்ள, கேங்மேனுங்க ஜாயிண்டு போல்ட்டக் கயட்டி, தொடச்சு, கிரீஸு தடவி மறுபடி முடுக்கணும். கெட்டுப் போனதுக்காக இல்ல. வெயில்ல தண்டவாளம் தடையில்லாம நீளணுமே, ஜாயிண்டு தேயக் கூடாதேன்னு. ரயில்வேக்காரன் வருசா வருசம் பண்றத நீ வண்டி வாங்குன நாள்லேர்ந்து ஒரு தரம் பண்ணியா?

அதனால மாட்டறப்ப இத்தக் கவனி. மரைய வயர் பிரஷால தேயி. செம்புப் பொடி கலந்த ஆன்டி சீஸ் கிரீஸு ஒரு டப்பா வாங்கு, மரைக்கும் புஷ்ஷுக்குள்ள போற போல்ட்டு ஒடம்புக்கும் மெலுசா தடவு. கிரீஸு தடவுன போல்ட்டு சுலபமா ஏறும், அதுக்காக பைப்பு போட்டு முடுக்காத, நீண்டு பலம் போயிடும். வீல் நட்டுக்கு மட்டும் கிரீஸு வாணாம், சுத்தமா காஞ்சதா போடு. புஷ்ஷு போல்ட்டெல்லாம் வண்டி தரையில எறங்கி தன் பாரத்துல நிக்கறப்ப கடைசியா முடுக்கு. அந்தரத்துல முடுக்குனா ரப்பரு முறுக்குனபடியே கெடந்து சீக்கிரம் கியியும். பிரேக்கு ஓஸு எட்டுதான்னு ஸ்டீரிங்க ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாரு. வீல் அலைன்மென்டு பாரு, ஹெட்லைட்ட கீய எறக்கு, எதுக்க வர்றவன் கண்ணு உன் அப்பன் வீட்டு சொத்தில்ல. யூ போல்ட்ட 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒரு தரம் முடுக்கு, 500ல இன்னொரு தரம். அப்பால மாசத்துக்கு ஒரு தரம் மேல ஊத்தற தண்ணிய கீயயும் ஊத்து, நல்ல தண்ணியா.

கிரீஸு டப்பா வெல கேட்டா நீ மொகம் சுளிப்பன்னு எனுக்குத் தெரியும். யாருக்காகத் தடவணும், நானா கயட்டப் போறன்னு கேப்ப. எப்படியும் இந்த வண்டிய வித்துட்டு வேற வாங்கத்தான போற? நீ விக்கறப்ப வஞ்சிரம் ஃபேமிலின்னு சொல்ல மாட்ட, அதுவும் தெரியும். ஆனா வாங்குனவன் என்னிக்காச்சும் கீய பூந்து இதே போல்ட்டுல ஸ்பேனர் போடுவான். அப்ப அவன் வாயிலேர்ந்து உன் பேரு எந்த சொல்லோட சேந்து வருதுன்றது இந்த ஒரு கரண்டி கிரீஸுல கீது. அத்தோட, இந்தப் பக்கத்துல செகண்டு வண்டிய வாங்கறவன் பாதி நேரம் சொந்தக்காரனாத்தான் இருப்பான். உன் மச்சான் போன வாரமே என்னாண்ட வந்து விசாரிச்சிகினு இருந்தான், வண்டிய எப்போ குடுப்பன்னு.